செவலை வற்றுவதற்குள்

நவம்பர் 2

வெண்ணெய் திரளவில்லை. நாலரைக்கே மத்தைப் பிடித்து உட்கார்ந்தேன். கிழக்கு வெளுத்த பிறகும் நுரைதான் பொங்கிப் பொங்கி வந்தது. வழித்துப் போட்டுவிட்டுக் கடைந்தால் திரும்பவும் நுரை. அம்மை கட்டிலில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "சத்தம் கனக்கலியே மக்ளே" என்றாள்.

நவம்பர் 3

மழை. சோலார் விளக்கு அரை மணிக்கூர்கூட நிற்கவில்லை.

நவம்பர் 5

ராத்திரி முழுக்க இதே நினைப்பு. தயிரில் பிழையில்லை. ஈரக் காற்றுக்கு உறைய நேரமாகிறது என்று பானையை அடுப்போரம் வைத்து, நன்றாகப் புளிக்கவும் விட்டேன். காரணம் எங்கள் பசு செவலைதான். சினை பிடித்து ஏழு மாதம் ஆகப்போகிறது. கறவை கடைசியில் பால் குறையும், லேசாக உப்புக் கரிக்கும். அதிலுள்ள கொழுப்பு பொடிப்பொடியாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நுரையோடு போய்விடும். ஈன்ற புதிதில் மூன்று லிட்டர் பாலை உறை ஊற்றினால் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டை தப்பாமல் கிடைக்கும். இப்போது அவ்வளவு பால் சேர்வதே பாடு.

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னே கறப்பதை நிறுத்தியாக வேண்டும். அது அவளுக்கும் வயிற்றிலுள்ள கன்றுக்கும் செய்ய வேண்டியது. ஆனால் அம்மையின் பற்பத்துக்கு, அந்த மருந்துப் பொடிக்கு, வைத்தியர் சொன்ன அனுபானம், அதாவது குழைத்துக் கொடுக்க வேண்டியது, வெண்ணெய். உப்பில்லாத பசுவெண்ணெய், காலையும் சாயங்காலமும் சுண்டைக்காய் அளவு, பழசாக இருக்கக் கூடாது. குலசேகரம் கடையில் பாக்கெட் கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது? அதோடு, அம்மை அந்த வாசனைக்கே வாயைத் திறக்க மாட்டாள்.

நவம்பர் 6

அரைக் கிண்ணம் கஞ்சி. அவ்வளவுதான் இறங்கியது.

நவம்பர் 8

கீழ்வீட்டு மைனியிடம் சொன்னேன். அவள் பசு ஈன்று சீம்பால் நாளெல்லாம் கழிந்துவிட்டது. "இளங்கறவைப் பாலைப் பாதிக்குப் பாதி சேரு மக்கா, எங்க மாமி அப்படித்தான் செய்வா" என்று ஒரு சொம்பு பாலைக் கையில் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 10

திரண்டது! திரண்டேவிட்டது!

இரண்டு பாலையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, உறை ஊற்றினேன். விடியும் முன்னே கயிற்றை இழுக்கத் தொடங்கினேன். முதலில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். அப்புறம் நுரை. கொஞ்ச நேரத்தில் நுரை தானாகவே அமர்ந்து, மத்தின் இதழ்களில் ரவை ரவையாக ஒட்டியிருந்தது. கைக்கே தெரிந்தது, கயிறு கனத்துவிட்டது என்று. அந்த நேரம் பார்த்து ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மெல்லச் சுழற்றினால் ரவையெல்லாம் ஒன்றையொன்று தேடி மேலே வந்து கூடும். கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அள்ள வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஈஷிக்கொள்ளும். தண்ணீர் தெளியும்வரை அலசி அலசி அமுக்கினேன். உள்ளே மோர் தங்கினால் சீக்கிரம் புளித்துவிடும். இங்கே குளிரில் வைத்துக் காப்பாற்ற வழியில்லை என்பதால் இதில் மட்டும் நான் அவசரப்படுவதே இல்லை.

அம்மை மருந்தோடு கொஞ்சம் கூடுதலாகவே நக்கினாள். மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நவம்பர் 13

பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்துவிட்டார்களாம். திற்பரப்பு அருவியில் குளிக்க விடவில்லை என்று இவர் போனில் சொன்னார். இங்கே ஓடை பாதைக்கு மேலே போகிறது. மைனி அந்தக் கரையில், பால் அந்தக் கரையில்.

நவம்பர் 14

காற்று. ரப்பர் மரம் முறியும் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இந்தச் சரிவில் பாதி மரம் சாய்ந்தது, கரண்டுக் கம்பமும் சேர்ந்தே சாய்ந்தது. திரும்பக் கம்பி இழுக்க நாங்கள் கேட்கவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் அம்மைக்கு மூச்சு இழுக்கும் ராத்திரிகளில் இருட்டு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

நவம்பர் 15

வெண்ணெய்ச் சட்டிக்குக் காலை, மதியம், ராத்திரி தண்ணீர் மாற்றுகிறேன். முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வெயில் இல்லாததால் தாங்குகிறது.

நவம்பர் 18

லேசாகப் புளிப்பு வாசம். அம்மைக்கு இன்னும் தெரியவில்லை. இல்லை, தெரிந்தும் சொல்லாமல் விழுங்குகிறாள்.

நவம்பர் 19

ஓடை வடிந்து இவர் வந்து சேர்ந்தார். வைத்தியரைப் பார்த்துக் கேட்டாராம்: வெண்ணெய் இல்லாத நாளில் அதே பசுவின் நெய்யில் குழைத்துக் கொடுக்கலாம். இதை முதலிலேயே கேட்டிருந்தால் என்று இவர் ஆரம்பித்தார். நான் பதில் பேசவில்லை, மீதி வெண்ணெயைத் தூக்கி அடுப்பில் வைத்தேன். சடசடப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமானதும் ஒரு கொத்து முருங்கை இலை. வீடே மணத்தது. பற்பம் தீரும்வரை காணும். நெய் கெடாது, அந்தக் கவலை விட்டது.

அம்மை: "நெய்யின்னா நெய்தான். வெண்ணெய் வேற."

நவம்பர் 22

அவள் சொன்னதுதான். வெண்ணெயில் குழைத்தால் ஒரே வாயில் போய்விடும் மருந்து, நெய்யில் நாக்கிலேயே நிற்கிறதாம். முகத்தைச் சுளிக்கிறாள். மைனி பால் மட்டும் தனியாகக் கடைய முடியுமா என்று கேட்க வேண்டும். அவள் கன்றுக்குப் போக மிஞ்சினால்தானே.

நவம்பர் 25

செவலையை ஒரு நேரம் மட்டும் கறந்தேன். தவிட்டையும் பிண்ணாக்கையும் குறைத்தாயிற்று. சாயங்காலம் கறக்கிற நேரத்துக்குத் தொழுவத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 26

அம்மைக்கு ராத்திரி தூக்கமில்லை. எனக்கும்.

நவம்பர் 28

இன்று கறக்கவே இல்லை. மடி இறுக்கமாக இருக்கிறது, தொட்டால் சூடில்லை, காம்பில் வீக்கமும் இல்லை. காலையில் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். மைனி வெள்ளிக்கிழமை ஒரு சொம்பு தருகிறேன் என்றிருக்கிறாள், உறைமோர் எடுத்து வைக்க வேண்டும்.