மூன்றாம் வகை

"நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார் எங்கள் சீனியர். "இல்ல சார்" என்றேன். 2024 ஏப்ரலில், பெங்களூர் ஜெயநகர் ஆபீஸில், ஓர் அணையின் ஆய்வு அறிக்கையைப் பற்றி நடந்த இந்தப் பேச்சு மொத்தமே ஐந்து நிமிடம்தான் இருக்கும். அதற்கப்புறம் எத்தனை தடவை எனக்குள் நடந்தது என்பதற்குக் கணக்கில்லை.

அணையின் பெயர் வேண்டாம். அணைக்குள் ஓடும் காலரி என்ற சுரங்கப்பாதைக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம். தன் எடையாலேயே நிற்கிற அணை இது. அடியில் கசிகிற நீர் அதை மேலே தூக்கப் பார்க்கும். அப்லிஃப்ட் என்போம். 1895-ல் பிரான்ஸில் பூசே அணை உடைந்த பிறகுதான் இதைக் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தார்கள். (அதே வருடம்தான் நம் முல்லைப்பெரியாறு திறந்தது.) அந்த அழுத்தத்தை இறக்க, காலரியிலிருந்து பாறைக்குள் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். துளையில் தண்ணீர் வந்தால் நல்லது. வயதாக ஆக, கரைந்து வருகிற சுண்ணாம்பு வாயில் படிந்து அடைத்துவிடும். கசிவு குறையும், இறங்க வேண்டிய அழுத்தம் உள்ளேயே நிற்கலாம். ஆனால் பேப்பரில் பார்த்தால் அணை தேறி வருவது போலவே இருக்கும்.

அங்கே கசிவை அளவெடுக்கிற அண்ணனின் அப்பா தர்மபுரியிலிருந்து அணை கட்ட வந்தவர். எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல் என்றதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "1902-லயே சிவசமுத்திரத்து கரண்ட் உங்க ஊர் சுரங்கத்துக்குத்தானே சார் போச்சு, பெங்களூருக்கே அப்புறந்தானே?" என்றார். பேசிக்கொண்டே டார்ச்சை ஒரு துளையில் அடித்தார். வாயைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு வழிந்து உறைந்த மாதிரி. விரலை விட்டார். முதல் கணுவுக்கு மேல் போகவில்லை. "இந்த வரிசை செத்துப்போச்சு சார்" என்றார்.

நான் அறிக்கை வரைவில் இரண்டாம் வகை என்று போட்டிருந்தேன். மத்திய நீர் ஆணையத்தின் வகைப்பாட்டில் ஒன்று என்றால் அணையே உடையக்கூடிய குறை, இரண்டு என்றால் சீக்கிரம் சரிசெய்தாக வேண்டிய பெரிய குறை, மூன்று என்றால் சின்னக் குறை, அல்லது குறையே இல்லை.

சீனியர் முட்டாள் இல்லை. அடைப்பு என்று அவருக்கும் தெரியும். "அடைச்சிருக்கு, சரி. அழுத்தம் ஏறியிருக்குன்னு எதை வச்சுச் சொல்ற? அழுத்தம் பார்க்க வேலை செய்யறது ரெண்டு பீசோமீட்டர். அதுல ஒண்ணை நீயே நம்பல. ஆதாரம் இல்லாம எல்லாத்துக்கும் ரெண்டு போட்டுக்கிட்டே போனா, நிஜமாவே ரெண்டு வர்றப்ப எவன் படிப்பான்? மூணு போடு. துளை சுத்தம் பண்ணணும்னு பரிந்துரையில எழுது."

எழுதினேன், 47-ஆம் பக்கத்தில். வகையைப் பார்க்கிறவர்கள் 47-ஆம் பக்கம் வரைக்கும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன?

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. துளைகள் வேலையே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று, இந்த மாதிரி அணைகளின் வடிவமைப்புக்கான இந்தியத் தரக் கோடான ஐஎஸ் 6512-லேயே ஒரு கணக்கு உண்டு. போட்டுப் பார்த்திருந்தேன், தேறியது. பிறகென்ன?

ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரா அணையில் 19-ஆம் ஷட்டரின் சங்கிலி அறுந்து கதவே ஆற்றோடு போனது. மற்றக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். அப்புறம் ஓடுகிற தண்ணீரிலேயே தடுப்புக் கதவைத் துண்டு துண்டாக இறக்கி ஒரு வாரத்தில் அடைத்ததைப் பார்த்து ஊரே வியந்தது. அது சங்கிலி, என் விஷயம் துளை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த வாரத்தில் ஒரு ராத்திரி என் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. துளை அடைபட்ட நிலையை அந்தக் கோட், எப்போதாவது வருகிற மிக மோசமான நிலை என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் அதற்குப் பாதுகாப்புக் காரணி (அணையைத் தள்ளுகிற விசையைப் போல் தாங்குகிற விசை எத்தனை மடங்கு என்ற எண்) குறைவாக இருந்தாலும் போதும் என்கிறது. இங்கே அதுதான் அன்றாட நிலை. அப்படியானால் அன்றாடத்துக்கு உரிய காரணியோடு அல்லவா ஒப்பிட்டிருக்க வேண்டும்? ஒப்பிட்டேன். தேறவில்லை. அதற்காக அணை விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை, எண் ஒன்றுக்கு மேலேதான் நின்றது. ஆனால் சீனியர் கேட்ட கேள்விக்கு பீசோமீட்டர் இல்லாமலே ஒரு பதில் இருந்திருக்கிறது, என் ஷீட்டிலேயே.

அதை அப்போதே பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா? "இல்ல சார்" என்று சொன்னபோது முதலில் வந்தது நிம்மதி. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு போட்டால் கூட்டம், கடிதம், மழைக்கு முன்னால் இன்னொரு பயணம். மூன்று போட்டால் ஃபைல் மூடியது.

மறுநாள் சீனியரிடம் ஷீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரிதான். மழை முடிஞ்சு வர்ற ரிப்போர்ட்ல சேர்த்துக்கலாம்" என்றார். அவர் மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் மறுக்கவில்லை, நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வருடம் மழை நல்ல மழை. அணை நின்றது. அதனால் அவர் சொன்னது சரியாகிவிடுமா, என் பயம் பொய்யாகிவிடுமா, இன்னும் பிடிபடவில்லை.

நவம்பரில் உரிமையாளர் தரப்பிலிருந்து அளவுகள் வந்தன. கசிவு இன்னும் குறைந்திருந்தது. கூடவே வந்த கடிதத்தில் 'முன்னேற்றம்' என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுக்குப் போன் போட்டு, துளையெல்லாம் சுத்தம் பண்ணியாச்சா என்று கேட்டேன். "அப்படி எழுதியிருந்தீங்களா சார்?" என்றார்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு, கசிவை அளக்கிற வி-நாட்ச் படம் ஒன்றும் ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் ஒன்றும் அனுப்புகிறார். போன வாரப் படத்தில் அளவுகோலின் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.