கோத்தகிரியில் ஒரு வில்லீஸ் ஜீப்

தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பல ஆண்டுகளாகக் கிடந்த சிஜே-3பி என்ற வில்லீஸ் மாடல் ஜீப்பை மாமாவிடமிருந்து வாங்கிவந்த நாள் முதல், அதன் பானெட் ஏன் இத்தனை உயரம் என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க்கால வில்லீஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் என்ஜினில் வால்வுகள் அனைத்தும் பிளாக் எனப்படும் என்ஜினின் அடிப்பகுதியிலேயே இருந்தன. 1953-இல் வந்த இந்த மாடலில் காற்றும் பெட்ரோலும் உள்ளே செல்லும் வால்வை பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டுக்கு ஏற்றினார்கள். என்ஜின் உயர்ந்தது, பானெட்டும் உயர்ந்தது. மஹிந்திரா இதே மாடலை நெடுங்காலம் தயாரித்ததால் உதிரிபாகங்களுக்கு நான் அதிகம் அலையவில்லை. பிரான்சில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் உரிமம் பெற்று எம்201 என்ற பெயரில் வில்லீஸ் ஜீப்பைத் தயாரித்ததால், அங்குள்ள பழைய ஜீப் பிரியர்களுக்கும் இதே வசதி உண்டு.

எங்கள் ஊர்ப் பனிமூட்டம்தான் தகரத்துக்கு எமன். ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் ஓட்டுநர் காலடித் தகடு சருகுபோல் நொறுங்கிக் கையோடு வந்தது. முன்பு யாரோ ஒரு பட்டறையில் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே மெல்லிய தகட்டை ரிவெட் அடித்திருந்ததைக் கண்டு மனம் மிகவும் நொந்தேன். முழுவதையும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை என்பதால், ஒரு குழாய் வெடித்தாலும் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மிஞ்சுவது கியரும் கைப்பிரேக்கும்தான். குழாய்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் மாற்றிய பிறகே சென்ற ஞாயிறன்று மாமாவை முன்னிருக்கையில் அமர்த்திக் கோடநாடு வரை ஓட்டிச் சென்றேன்.