340 லைன் மெத்தடோடு ஒரு வாரம்

ஜூன் 3

எங்கள் இன்வாய்ஸ் மென்பொருளில் புதிதாக ஒரு தள்ளுபடி விதியைச் சேர்க்க வேண்டும். மொத்தம் நான்கு லைன்தான். அதை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. இன்வாய்ஸ் தொகையைக் கணக்கிடும் மெத்தட், அதாவது அந்த வேலைக்கான கோட் பகுதி, 340 லைன். இஃப்புக்குள் இஃப், அதற்குள் லூப், அதற்குள் மறுபடி இஃப். கீழே போகப் போக மேலே படித்தது மறந்துபோகிறது. விதியை எங்காவது செருகிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் மனசு ஒப்பவில்லை. டீம் லீடிடம் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்தார்.

ஜூன் 4

கோடில் கை வைக்கவில்லை. இந்த மெத்தடின் விடையைத் தானாகச் சோதித்துச் சொல்லும் டெஸ்டே கிடையாது. பழைய இன்வாய்ஸ்களில் 42-ஐ எடுத்து, இப்போது என்ன விடை வருகிறதோ அதையே எதிர்பார்க்கும் விடையாகப் பதிந்து வைத்தேன். அந்த விடை சரியா தப்பா என்று இப்போது நான் பார்க்கவில்லை, மாறாமல் இருந்தால் போதும். டெஸ்டில் எந்த லைனெல்லாம் ஓடுகிறது என்று காட்டும் கவரேஜைப் பார்த்தபோது ரீஃபண்ட் பகுதி ஒரு முறைகூட ஓடவில்லை. அதற்கு இன்னும் 5 சேர்த்தேன்.

ஜூன் 5

நடுவில் ‘தள்ளுபடி’ என்று ஒரு கமெண்ட், அதற்குக் கீழே 60 லைன். தனி மெத்தடாகப் பிரிக்க வாகான இடம் என்று நினைத்து, எடிட்டரில் அதைத் தானாகச் செய்யும் ‘எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்’ கட்டளையைக் கொடுத்தேன். உள்ளே ஏழு மதிப்புகள் போக வேண்டும், வெளியே இரண்டு வர வேண்டும், முடியாது என்று எடிட்டர் கைவிரித்துவிட்டது.

காரணத்தைத் தேடி மதியம் முழுக்கப் போனது. எல்லாம் ‘டோட்டல்’ என்ற ஒரே வேரியபிளால், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் ஒரே பெயரால், வந்தது. முதலில் அது பொருட்களின் கூட்டுத்தொகை. கொஞ்ச தூரம் போனால் அதே பெயரில் தள்ளுபடி கழித்த தொகை. கடைசியில் வரியும் சேர்ந்த தொகை. ஒரே பெயரில் மூன்று ஆட்கள் நடமாடியிருக்கிறார்கள். நான் முதல் நாள் குழம்பியதும் இங்கேதான் என்று இப்போது புரிகிறது.

ஜூன் 6

டோட்டலை மூன்று வேரியபிள்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு ஒரே முறைதான் கொடுக்கப்படும், பிறகு மாறாது. ஒரு மாற்றம், டெஸ்ட், பிறகு அதைப் பதிந்து வைக்கும் கமிட். அப்புறம் அடுத்தது. காலையில் தொடங்கி 14 கமிட். மாலையில் அதே 60 லைனை மறுபடி பிரித்துப் பார்த்தேன். உள்ளே போக இரண்டு பாராமீட்டர், வெளியே வர ஒரு ரிட்டர்ன். அவ்வளவு எளிதாக வந்ததில் அப்படி ஒரு சந்தோஷம்!

ஜூன் 9

ரத்தான இன்வாய்ஸ், பொருளே இல்லாத இன்வாய்ஸ் இரண்டையும் மெத்தடின் தொடக்கத்திலேயே ரிட்டர்ன் செய்து அனுப்பிவிட்டேன். மீதிக் கோட் மொத்தமும் இரண்டு படி இடப்பக்கம் நகர்ந்தது.

கோட் எத்தனை வழிகளாகக் கிளைக்கிறது என்று எண்ணும், தாமஸ் மெக்கேப் 1976-ல் சொன்ன சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி அளவுகோலையும் பார்த்தேன். அவர் வைத்த வரம்பு 10. எங்கள் மெத்தட் 58-ல் இருந்தது. அந்த எண்ணைக் குறைக்கும் வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன். மூன்று லைன் துண்டு ஒன்றுக்கு அரைமணி நேரம் யோசித்தும் பெயர் கிடைக்கவில்லை. தனக்கென்று ஒரு வேலை இல்லாததற்கு எப்படிப் பெயர் கிடைக்கும்? அதைப் பழைய இடத்திலேயே சேர்த்துவிட்டேன். இதுபோல இன்னும் நான்கு திரும்பிப் போயின.

ஜூன் 10

வரிக் கணக்கைப் பிரிக்கும்போது, ரவுண்டிங் இரண்டு இடத்தில் நடப்பது கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை, மொத்தத்துக்கு ஒரு முறை. ஒன்றை எடுத்ததும் மூன்று டெஸ்ட் விழுந்தன, கடைசி தசமத்தில் வித்தியாசம். இது பிழையாகவே இருக்கலாம். ஆனாலும் அமைப்பை மாற்றும் வேலையில் விடையை மாற்றுவதைக் கலக்கக் கூடாது, கலந்தால் பின்னால் எது எதனால் உடைந்தது என்றே தெரியாது. பழையபடி வைத்துவிட்டு, பிறகு பார்க்க வேண்டிய வேலையாகத் தனி டிக்கெட் போட்டேன்.

ஜூன் 11

தலைமை மெத்தட் இப்போது 26 லைன். புது விதி போக வேண்டிய இடம் பார்த்ததுமே தெரிந்தது. நான்கு லைன், இரண்டு டெஸ்ட், முடிந்தது.

இந்த மெத்தடை இதுவரை பார்த்திராத தோழி ஒருவரிடம் ரிவ்யூவுக்குக் கொடுத்தேன். பத்து நிமிடம் படித்தார். “ரீஃபண்ட் ஆகும்போது தள்ளுபடியைக் கழிக்காம முழுத் தொகையும் திரும்பிப் போகுதே, தெரிஞ்சுதான் இப்படி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தை இந்த வாரம் முழுக்க நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளைக் காலையில் கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும்.