கறை பிடிச்ச வினியர் அலுமாரி: மேல்தட்டு ஒருமாதிரி முடிஞ்சிது

கல்முனைப் பக்கம் பழைய சாமான் விக்கிற இடத்தில எடுத்த சின்ன அலுமாரி, தேக்கு வினியர் (உள்பலகைக்கு மேல ஒட்டுற மெல்லிய மரத்தகடு), உடம்பு நல்ல உறுதி, மேல்தட்டுதான் கோலம் கெட்டுக் கிடந்திச்சு. தேத்தண்ணிக் கோப்பை வெச்ச வெள்ளை வளையங்கள், நடுவில இரும்பு ஸ்டாண்டோட பூச்சாடி வெச்ச கறுப்புக் கறை, ஓரத்தில வினியர் உப்பி நிக்கிது. பாத்த எல்லாரும் சாண்ட் பண்ணு எண்டாங்க, தச்சுவேலை செய்யிற மாமா ஒராள்தான் "மெஷின மட்டும் வெச்சிடாத மனே, உள்பலகை தெரிஞ்சிரும்" எண்டார். அவர் சொன்னது சரி, இப்பத்தய வினியர் அரை மில்லிமீட்டர் மட்டுலதான் இரிக்கும், உரசிக் கறைய எடுக்கப் போனா வினியரும் சேந்து போயிரும்.

முதல்ல என்ன பொலிஷ் எண்டு பாக்கணும். பின்மூலையில பஞ்சில மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு வெச்சன், பிசுபிசுத்து ஒட்டிச்சு, அப்ப ஷெலாக், அதான் அரக்குப் பொலிஷ். லாக்கர் எண்டா தின்னருக்குத்தான் இளகும், பொலியூரித்தேன் ரெண்டுக்கும் அசையாது. வெள்ளை வளையம் பொலிஷுக்குள்ள மாட்டின ஈரம், மரத்துக்கு இறங்கல்ல, ஸ்பிரிட் பட்டும் படாத துணியால வேகமா இழுத்துவிட மறைஞ்சிட்டு.

கறுப்புதான் ஆளைப் போட்டு அலைக்கழிச்சிது. இரும்பும் மரத்தில உள்ள டானின் எண்ட துவர்ப்புச் சத்தும் ஈரத்தில சேந்து வாற கறை அது, பொலிஷ் முழுக்கக் கழட்டினாத்தான் மருந்து உள்ள போகும், அதுக்கு ஸ்டீல் வூல் பாவிக்கக் கூடா, அதிர துகளும் இரும்புதானே, புதுசாப் புள்ளி விழும். மறுகா கறைய வெளுக்கிற ஒக்ஸாலிக் அசிட், கால் லீட்டர் சுடுதண்ணிக்கு 25 கிராம், பிளாஸ்டிக் கோப்பையில கரைச்சு கறையில மட்டுமில்லாம தட்டு முழுக்கப் பூசின, இல்லாட்டி அந்த இடம் மட்டும் வெளிறி நிக்கும். இது நஞ்சு சாமான், கையுறை கண்ணாடி கட்டாயம், சின்னப் புள்ளையள் கிட்ட வரப்படா. காயக் காயத் திரும்பப் பூச கறுப்பு மண்ணிறமாகி மெல்ல மெல்லப் போயிட்டு, கடைசியா அப்பச்சோடா கரைச்ச தண்ணியால துடைச்சு மறுகா நல்ல தண்ணியால துடைச்ச, ஊற விடல்ல, ஊறினா பசை விட்டிரும். கழுவாம சாண்ட் பண்ணினா அந்தத் தூள் மூக்குக்குள்ள போய் உயிர வாங்கும்.

உப்பின இடத்தில மரத்தின்ர ரேகையோட பிளேட்டால கீறி பசை தள்ளி, பொலித்தீன் விரிச்சு மேல அம்மிக்கல்ல ஏத்தி வெச்சாச்சு. உம்மா வீட்டு அம்மி, ரெண்டு நேரம் மிக்ஸியில சம்பல் அரைச்சதுக்கு எனக்கு ஏச்சு.

320 நம்பர் சாண்ட் பேப்பரால கையால லேசா ஒரு இழுப்பு, பிறகு ஷெலாக் மெல்லிசு மெல்லிசா. மாரியில இத அடிக்கவே கூடா, வாவிக் காத்தின்ர ஈரத்துக்குப் பூச்சு வெள்ளை பூத்திரும். நான் கச்சான் எண்ட வரண்ட காத்து வரும் மட்டும் வெச்சிருந்துதான் அடிச்ச, அதில என்னெண்டா மண்ணும் சேந்து வருது, ஜன்னல சாத்திட்டு வேர்த்து வழிய வழிய அடிக்கணும். கறை இருந்த இடத்த வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பாத்தா இப்பவும் கொஞ்சம் தெரியும், எனக்கு அது போதும்.

இனிக் கால் நாலும் கிடக்கு, அதில ஆரோ எனாமல் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஸ்பிரிட்டுக்கு அசையிதில்ல, பெயிண்ட் ரிமூவர் வாங்கணும்.