மஞ்சள் பிடி மடக்குக் கத்திகள்: சேர்த்தவையும் பையில் வைத்துப் பழகியவையும்

அமெரிக்கப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் மஞ்சள் பிடி மடக்குக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்கியபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். எந்தக் கத்தியை வாங்கினாலும் அது சில வாரங்களாவது என் கால்சட்டைப் பையில் கிடந்து வேலை செய்ய வேண்டும். அதன் பிறகே அது பெட்டிக்குள் போகலாம். இந்த விதியால் என் சேகரிப்பு மெதுவாகத்தான் வளர்கிறது. ஆனால் எது நல்ல கத்தி என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் என்னிடமிருந்து அநேகமாகப் போய்விட்டது.

இதுவரை சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கேஸ் நிறுவனத்தின் கத்திகள். 1889இல் நியூயார்க் மாநிலத்தின் லிட்டில் வேலியில் கேஸ் சகோதரர்கள் தொடங்கிய தொழில் இது. 1905 முதல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் நடக்கிறது. இவர்களுடைய எண் முறையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் இலக்கம் பிடியின் பொருளையும், இரண்டாவது அலகுகளின் (வெட்டும் தகடுகளின்) எண்ணிக்கையையும், மீதமுள்ளவை வடிவத்தையும் குறிக்கின்றன. மஞ்சள் பிடிக்கு உரிய இலக்கம் 3. ஆகவே 3318 என்றால் மஞ்சள் பிடியும் மூன்று அலகுகளும் கொண்ட, ஸ்டாக்மேன் என்ற வடிவத்தின் நடுத்தர அளவுக் கத்தி. 3254 என்றால் இரண்டு அலகுள்ள, டிராப்பர் என்ற நீளமான கத்தி. 3220 என்றால் பீனட் என்ற சிறிய கத்தி. எண்ணுக்குப் பின் சி.வி. என்ற எழுத்துகள் இருந்தால் குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்த கார்பன் எஃகு, எஸ்.எஸ். என்றிருந்தால் துருப்பிடிக்காத எஃகு. நான் சி.வி. மட்டுமே வாங்குகிறேன்.

மஞ்சள் நிறத்துக்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: புல்லிலோ வைக்கோலிலோ நழுவி விழுந்தால் உடனே கண்ணில் படும். எலும்பும் மான்கொம்பும் பதித்த பிடிகளைவிட இந்தச் செயற்கைப் பிடிக்கு விலையும் குறைவு என்பதால், கீறல் விழுந்தாலும் மனம் பதறுவதில்லை.

நாள்தோறும் என்னுடன் இருப்பது 3318தான். மூடிய நிலையில் ஏறத்தாழ 9.2 செ.மீ. நீளம். மூன்று அலகுகளுக்கும் தனித்தனி வேலை கொடுத்துப் பார்த்தேன். கூர்முனையுள்ள கிளிப் அலகு பழம் நறுக்கவும் பொதுவான வேலைகளுக்கும் போதும். நேர் விளிம்புள்ள ஷீப்ஃபுட் அலகு, கயிறும் அட்டைப்பெட்டியும் வெட்டுவதற்கு மற்ற இரண்டையும்விட மேல். முனை கீழ்நோக்கி இருப்பதால் பெட்டிக்குள் இருக்கும் பொருளைக் குத்திவிடாது. முனை மழுங்கிய ஸ்பே அலகு கன்றுகளுக்குக் காயடிப்பதற்காக உருவானது. அந்த வேலை எனக்கு இல்லை. அதனால் அதைச் சமையலறைக்கென ஒதுக்கி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன். டிராப்பர் கைக்கு நிறைவாக இருந்தாலும், 10 செ.மீ.க்கு மேல் நீளமும் அதற்கேற்ற எடையும் இருப்பதால் மெல்லிய துணிக் கால்சட்டைக்கு ஒத்துவரவில்லை. பீனட் பையில் இருப்பதே தெரியாது. ஆனால் ஆப்பிளை இரண்டாகப் பிளக்க அதன் அலகு போதாது.

சி.வி. அலகின் நிறமாற்றத்தைத்தான் நான் அதிகம் கவனித்துவருகிறேன். புதிதாக வரும்போது கண்ணாடிபோல் மின்னும் எஃகு, தக்காளியும் எலுமிச்சையும் பட்ட உடனேயே மங்கத் தொடங்கி, முதலில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாகப் படிந்து, பிறகு சீரான சாம்பல் நிறத்துக்கு வந்து நிற்கிறது. இது செந்துரு அன்று. இறுக்கமாகப் படியும் இந்தக் கருமை செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்கிறது. கடுகுச் சாந்தையோ வினிகரையோ பூசி ஒரே இரவில் இந்த நிறத்தை வரவழைப்போர் உண்டு. அப்படி வரும் புள்ளிக்கோலம் எனக்குப் பிடிப்பதில்லை. வேலையால் தானாக வருவதையே விரும்புகிறேன். வெட்டி முடித்ததும் துடைத்து உலர்த்துகிறேன். அலகு திரும்பும் மூட்டில் உணவுக்கேற்ற கனிம எண்ணெய் ஒரு துளி விடுகிறேன்.

இவை பூட்டில்லாத கத்திகள். அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது முதுகிலுள்ள வில் தகட்டின் அழுத்தம் மட்டுமே. எனவே முனையால் குத்தித் துளைக்கும் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்துவதில்லை. மூடும்போது அலகைத் தட்டிவிட்டால் எழும் ஒலி இனிமையானதுதான் என்றாலும், சில கத்திகளில் விளிம்பு உள்ளே தகட்டில் மோதி மழுங்குகிறது. அதனால் விரலால் தாங்கியே மூடுகிறேன். சாணைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக்குள் தீட்டி, தோல்வாரில் சில இழுப்பு இழுத்தால் சி.வி. எஃகு விரைவாகக் கூர்பெறுகிறது. பிடியைப் பொறுத்தவரை, ஜீன்ஸ் சாயம் மஞ்சளில் ஒட்டி ஓரங்களைப் பச்சையாக்குகிறது. சோப்பு நீரும் பல்துலக்கியும் போதும். முழுவதும் போகாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

பழைய கத்திகளை வாங்கும்போது அலகின் அடியிலுள்ள முத்திரையே ஆண்டைச் சொல்கிறது. 1965 முதல் 1969 வரை கேஸ் எக்ஸ்எக்ஸ் என்ற நிறுவன முத்திரையோடு யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும் இருக்கும். 1970இல் அதன் கீழ் பத்துப் புள்ளிகளைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். என்னிடமுள்ள டிராப்பரில் ஆறு புள்ளிகள் இருப்பதால் அது 1974ஆம் ஆண்டினது. அதன் அலகு பலமுறை தீட்டப்பட்டு ஒடுங்கியிருக்கிறது. விலை குறைவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். எனக்கு அதைப் பிடித்ததற்கும் அதுவே காரணம்.

என் விதிக்கு ஒரே விலக்கு செல்லுலாய்டு பிடி. முந்தைய தலைமுறையின் மஞ்சள் பிடிகள் பல அந்தப் பொருளால் ஆனவை. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த அது நாளடைவில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடுகிறது, அருகிலுள்ள அலகுகளையும் அரிக்கிறது, எளிதில் தீப்பற்றவும் செய்கிறது. அத்தகைய ஒன்றை மற்றவற்றோடு வைக்காமல், காற்றோட்டமுள்ள திறந்த தட்டில் தனியே வைத்திருக்கிறேன். பையில் உடலின் சூட்டில் அதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்ததாக ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்ட, கண்ணின் படத்தை முத்திரையாகக் கொண்ட மஞ்சள் ஸ்டாக்மேன் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவும் கார்பன் எஃகுதான் என்பதால், 3318உடன் ஒரே சாணைக்கல்லில் தீட்டி, ஒரே வகை அட்டையை வெட்டவிட்டு, எது அதிக நேரம் கூர்மை தாங்குகிறது என்று ஒப்பிட்டு எழுதுவேன்.