பரிசுப் பணத்துக்கு 12 லட்சம் கணக்கு செல்லாது

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லையே, டிவி போட்டியில் ஜெயித்த 1 லட்சத்தில் பிடித்த 30,000-ஐ ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வராது. லாட்டரி, டிவி கேம் ஷோ, குலுக்கல் எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் வருகின்றன (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் எண் மாறும்). நேராக 30%, அந்த வரித் தொகையின்மேல் 4% செஸ் (கூடுதல் வரி). அடிப்படை வரிவிலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரியை இல்லாமலாக்கும் 87ஏ தள்ளுபடியும் இந்த வரியைத் தொடாது. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவருக்கும் இதே விகிதம்தான். ஷூட்டிங்குக்குப் போய்வந்த ரயில் செலவைக்கூடக் கழிக்க விடமாட்டார்கள்.

ஒரு பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். 8,000-க்குப் பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமல்ல. நாமே காட்டிக் கட்ட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது செஸ்ஸில். டிடிஎஸ் வெறும் 30%. 1 லட்சத்துக்கு மொத்த வரி 31,200; மீதி 1,200-ஐ நாம் கட்டணும். மொத்த வருமானம் 50 லட்சத்துக்கு மேல் போனால் சர்சார்ஜ் என்ற மேல்வரி வேறு.

பரிசாகக் கார் விழுந்தால்தான் சிக்கல். 8 லட்சம் மதிப்பு என்றால் 2,40,000 வரி கட்டியாகிவிட்டது என்று உறுதியான பிறகே கம்பெனி சாவியைத் தரலாம். அந்தப் பணத்தைக் கம்பெனியே ஏற்கிறதா, நம் தலையிலா என்பதைப் போட்டி விதிமுறையில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். நம் தலையில் என்றால், நம் பான் எண்ணில் முன்கூட்டிய வரியாகக் கட்டி சலானைக் காட்டலாம். ரொக்கப் பரிசுக்கு "வரியை முதலில் ஜிபே பண்ணுங்க" என்று யாராவது கேட்டால் அது மோசடி. ரொக்கத்தில் வரியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

ரிட்டர்னுக்கு ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3. கைக்கு வந்த 70,000-ஐ அல்ல, முழு 1,00,000-ஐயும் 'பிற வருமானம்' அட்டவணையில் லாட்டரி வரிசையில் போட வேண்டும். எந்தக் காலாண்டில் வந்தது என்பதையும் சரியாக நிரப்புங்கள். மார்ச்சில் வந்த பரிசுக்கு ஜூன் மாத முன்கூட்டிய வரித் தவணை கட்டவில்லை என்று வட்டி விழாமலிருக்க அதுதான் காப்பு. ரிட்டர்ன் போடும் முன், நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 30,000 தெரிகிறதா பாருங்கள். பான் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருந்தால் தெரியாது. பரிசு கொடுத்தவர்தான் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்த வேண்டும்.