அறைக்கு அறை சூடு: ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு போட்டுப் பார்த்த குளிர்காலம்

லண்டனின் வடமேற்கில் ஹாரோ பக்கம், 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. கீழே ஹால், சாப்பாட்டு அறை, சமையலறை. மேலே மூன்று படுக்கையறைகளும் குளியலறையும். சமையலறைச் சுவரில் காஸ் காம்பி பாய்லர்: குழாய்க்கு வெந்நீர் தருவதும், அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புத் தகடுகளுக்குள் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவதும் இதுதான். வாசல் நடையில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட். இந்த நாட்டில் ஏராளமான வீடுகளில் இதே அமைப்புதான். நடையில் 20 டிகிரி ஆனதும் பாய்லர் நின்றுவிடும். அந்த நேரத்தில் வடக்கு பார்த்த பின் படுக்கையறை 16ஐத் தொட்டிருக்காது. தெற்கு பார்த்த ஹாலிலோ ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். ஒவ்வொரு அறைக்கும் அதற்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய சூடு கிடைக்க வேண்டும் என்றுதான் அக்டோபரில் இந்த வேலையில் இறங்கினேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். ரேடியேட்டர் வால்வால் சூட்டைத் தடுக்க முடியும், உண்டாக்க முடியாது. அறைக்குச் சூடு வேண்டும் என்று வால்வு எவ்வளவு திறந்துகொண்டாலும், பாய்லர் அணைந்திருந்தால் குழாயில் குளிர்ந்த நீர்தான் நிற்கும். கடையில் பெட்டியைப் பார்த்து வாங்கிவந்து மாட்டியவர்கள் பலர் "ஒன்றும் பெரிதாக மாறவில்லையே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே இருந்தவை சாதாரண டிஆர்வி வால்வுகள் (அறையின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டரைத் தானே திறந்து மூடுபவை), 1 முதல் 5 வரை எண் போட்ட பிளாஸ்டிக் தலையோடு. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளாசன் 1943இல் உருவாக்கிய கருவி இது. தலைக்குள் மெழுகோ திரவமோ அடைத்த சின்னக் குப்பி இருக்கும். அறை சூடானால் குப்பி விரிந்து, வால்வில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்னை (சின்ன உலோகக் கம்பி) உள்ளே தள்ளி, வெந்நீர் வரும் வழியை அடைக்கும். குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும். 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. மின்சாரமே இல்லாமல் பல்லாண்டுகள் உழைக்கும் அருமையான பொருள். ஆனால் அதற்கு நேரம் தெரியாது. ஆளில்லாத மத்தியானத்திலும் அதே 3தான். ஸ்மார்ட் வால்வில் குப்பிக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார், இரண்டு ஏஏ பேட்டரி, ஒரு ரேடியோ. பின்னைத் தள்ளும் வேலை மட்டும் அதேதான்.

நான் ஜிக்பீ வகையை எடுத்தேன், குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு ரேடியோ முறை அது. வைஃபை பேட்டரியை வேகமாகத் தின்னும் என்பது ஒரு காரணம். வீட்டைச் சூடாக்குவது வெளியே எங்கோ இருக்கும் சர்வரை நம்பி இருக்கக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. இன்டர்நெட் போனாலும் ஹீட்டிங் போகாது.

மாட்டுவது பயப்படும் வேலை இல்லை. பழைய தலையை 5க்குத் திருப்பி, அடியில் இருக்கும் வளையத்தைக் கையால் தளர்த்தினால் கழன்று வந்துவிடும். வால்வின் உடல் குழாயிலேயே இருப்பதால் ஒரு சொட்டு நீர் வராது. புதிய தலையின் மரை பெரும்பாலும் எம்30 அளவு (30 மில்லிமீட்டர் விட்டம்). வேறு மரை கொண்ட வால்வுகளுக்குப் பெட்டியிலேயே அடாப்டர்கள் வருகின்றன. மாட்டுவதற்கு முன் பின்னை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். கோடை முழுக்க மூடிக் கிடந்த வால்வில் பின் உள்ளேயே சிக்கியிருக்கும். கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடித்து, தட்டையான மரக்கட்டையால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் இளகும். இடுக்கியால் பிடித்து இழுக்கவே வேண்டாம். பின் கையோடு வந்துவிட்டால் அறை முழுக்கக் கறுப்புத் தண்ணீர்தான். சாப்பாட்டு அறையில் மட்டும் பின்னே இல்லாத, கையால் திருகும் பழைய வால்வு. அதை மாற்ற நீரை வடிக்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டேன்.

அடுத்தது வெப்பநிலையை எங்கே அளப்பது என்ற கேள்வி. என் அனுபவத்தில் இந்த முழு வேலையிலும் அதிக பலன் தந்தது இதுதான். வால்வின் தெர்மாமீட்டர் கொதிக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அறை 18இல் இருக்கும்போதே 21 ஆகிவிட்டது என்று நினைத்து மூடிக்கொள்ளும். அறைக்கு அறை இந்த வித்தியாசம் மாறும்: ரேடியேட்டர் மேல் திரைச்சீலை தொங்கினால் கூடும், முன்னால் சோஃபா இருந்தால் இன்னும் கூடும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு சின்ன வெப்ப, ஈரப்பத சென்சர் வாங்கி, ரேடியேட்டருக்கு எதிர்ச் சுவரில், நாற்காலியில் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் ஒட்டினேன். வெயில் படாத இடமாக, டிவிக்குப் பக்கத்தில் இல்லாததாகப் பார்க்க வேண்டும். என் வால்வுகள் வெளியே இருக்கும் சென்சரின் அளவை நேரடியாக ஏற்கும். ஏற்காத மாடலாக இருந்தால் அளவுத் திருத்தம் போட்டுச் சமாளிக்கலாம். அன்றிலிருந்து, ஜனவரியில் ஒரு கடும்குளிர் வாரம் தவிர, பின் படுக்கையறை கேட்ட வெப்பநிலையில் அரை டிகிரிக்குள் நிற்கிறது.

அப்புறம் பாய்லர். நடையிலிருந்த ஒயர் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, பாய்லருக்குப் பக்கத்தில், ஹோம் அசிஸ்டன்ட் சொல்வதைக் கேட்டுப் பாய்லரை எரித்து அணைக்கும் ஒரு வயர்லெஸ் ரிசீவரை எலக்ட்ரீஷியன் மாட்டித் தந்தார். பாய்லரின் காஸ் பகுதி மூடியைத் திறக்கும் வேலை எதுவாக இருந்தாலும் கேஸ் சேஃப் (இங்கே காஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவு) பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். அதில் விளையாட்டு வேண்டாம். இப்போது எந்த அறை சூடு கேட்டாலும் பாய்லர் எரியும். எல்லா அறைக்கும் போதும் என்றால் பாய்லரும் பம்ப்பும் நிற்கும். இதற்கு இங்கே பாய்லர் இன்டர்லாக் என்று பெயர். ராஸ்பெர்ரி பை ஒருநாள் செத்துப்போனாலும் வீடு குளிரக்கூடாது என்பதற்காக, நடையில் ஒரு வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டை 17 டிகிரியில் வைத்திருக்கிறேன். அது யாரையும் கேட்காமல் தானே பாய்லரை எழுப்பும்.

நவம்பர் குளிர் இறங்கியதும் ஹோம் அசிஸ்டன்ட் காட்டும் வரைபடத்தில் ஒரு புதிய விஷயம் தெரிந்தது. குழந்தையின் அறை மட்டும் சூடு கேட்கும் வேளைகளில் பாய்லர் சில நிமிடம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. கணக்குப் பார்த்தால் காரணம் எளிது. என் பாய்லர் எவ்வளவு குறைத்து எரிந்தாலும் 6 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. அந்தச் சின்ன ரேடியேட்டரால் வெளியே விட முடிவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. மிச்சச் சூடு போக இடமில்லாமல் நீரின் வெப்பம் எகிறி, பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஒரே பானையில் எல்லோருக்கும் சோறு வடிக்கும் வீட்டில் ஒருவருக்காக மட்டும் அடுப்பைத் திரும்பத் திரும்பப் பற்றவைப்பது மாதிரி. குளியலறையில் துண்டு உலர்த்தும் ரேடியேட்டரான டவல் ரெயிலில் வால்வு போடாமல் எப்போதும் திறந்தே வைத்தேன், நீர் சுற்றிவர ஒரு வழி நிச்சயம் வேண்டும் என்பதாலும்தான். சின்ன அறை தனியாகக் கேட்டால் உடனே எரிக்காமல், இன்னொரு அறையும் கேட்கும்வரையோ குறை ஒரு டிகிரி ஆகும்வரையோ காத்திருக்கும்படி விதி எழுதினேன். பாய்லர் அனுப்பும் நீரின் வெப்பத்தையும் 70இலிருந்து 55க்கு இறக்கினேன். திரும்பி வரும் நீர் 55க்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையில் போகும் நீராவியைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் மீட்கும். வால்வே வாங்காதவர்கள்கூட இந்த ஒன்றை இன்றைக்கே செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

டிசம்பரில் ஊரிலிருந்து அம்மா வந்தார். எங்களுக்கு 19 டிகிரி சரியாக இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி அதிகாலை ஏறக்குறைய 20 டிகிரிதான், அப்போது தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வருபவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். "இந்த ரூம் மட்டும் கொஞ்சம் சூடா இருந்தா போதும்ப்பா, வீடு பூரா வேணாம்" என்றார் அம்மா. இந்த ஏற்பாட்டின் முழுப் பயனும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவர் அறைக்கு 22.5, இரவில் 20. செயலியெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. வால்வின் தலையைத் திருகினால் எண் ஏறும், அவ்வளவுதான். அவர் கையால் திருகியதை நிரல் உடனே மாற்றிவிடக்கூடாது என்பதற்காக, கையால் வைத்த வெப்பநிலை அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அப்படியே நிற்கும்படி செய்தேன். வீட்டில் இருப்பவர்களின் கைக்கு மதிப்பு தராத தானியங்கி எந்த வீட்டிலும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் குளிர்ப்பிரதேச வீடுகளுக்குக் குறைந்தது 18 டிகிரி என்று சொல்லி, முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்கிறது.

மோட்டார் சத்தம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பகலில் கேட்காது, ஆனால் விடியற்காலை நிசப்தத்தில் தலைமாட்டில் கர்ரென்று ஒலிக்கும். படுக்கையறைகளில் இரவு பத்து மணிக்குமேல் வால்வு சின்னச் சின்னதாக அசைவதை நிறுத்தி, காலையில் ஒரே முறை திறக்கும்படி வைத்துக்கொண்டோம். சமையலறையில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறப்போம். வெப்பம் சட்டென்று இறங்குவதை வைத்து வால்வு அதைக் கண்டுகொண்டு கொஞ்ச நேரம் மூடிக்கொள்கிறது. நல்ல வசதி.

ஆளில்லாத அறையை ஒரேயடியாக அணைத்துவிடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கூடாது. உள்சுவர்களில் காப்பு எதுவும் கிடையாது, பக்கத்து அறையின் சூடு அங்கே கசிந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் பூஞ்சை. நாம் சமைப்பது, குளிப்பது, வீட்டுக்குள் துணி உலர்த்துவது என்று வரும் ஈரமெல்லாம் எங்கே சுவர் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் நீராகப் படியும். விருந்தினர் அறையை 16க்குக் கீழே விடுவதில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும். போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறப்போம். இரண்டு குளிர்காலமாக அலமாரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கறுப்புப் புள்ளிகள் இந்த முறை வரவில்லை. எனக்கு மிச்சமான காசைவிட இதுதான் பெரிது.

காசு எவ்வளவு மிச்சம்? பில்லை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம், ஒரு ஆண்டு கடும்குளிர், ஒரு ஆண்டு இதம். நான் டிகிரி நாள் கணக்கில் பார்த்தேன்: வெளியே நாள் சராசரி 15.5க்கு எத்தனை டிகிரி கீழே போகிறதோ அதைக் கூட்டிக்கொண்டே வந்து, எரித்த காஸை அதால் வகுப்பது. மீட்டரில் ஒரு கனமீட்டர் காஸ் என்றால் சுமார் 11 கிலோவாட் மணி. ஒரு டிகிரி நாளுக்கான காஸ் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது, அதுவும் அம்மாவின் அறையைக் கூடுதலாகச் சூடாக்கியபிறகு. வால்வுக்கு எவ்வளவு, 55 டிகிரி நீருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அதற்கு எல்லா ரேடியேட்டரும் திறந்து, மிதமான நீர் நிறைய ஓடுவதுதான் நல்லது.

ஜனவரியில் ஒரு வாரம் வெளியே உறைநிலைக்குக் கீழே போனபோது, பின் படுக்கையறை வால்வு முழுதாகத் திறந்தும் 18க்கு மேல் ஏறவில்லை. ரேடியேட்டர் எவ்வளவு சூடு தரும் என்பது, அதில் ஓடும் நீர் அறையைவிட 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருப்பதாக வைத்துக் கணக்கிடப்பட்டது. 55 டிகிரி நீரில் அந்த வித்தியாசம் 30 அளவுக்குத்தான் வரும், வெளியே வரும் சூடும் பாதியாகிவிடும். அந்த ஒற்றைத் தகடு ரேடியேட்டரை இரட்டைத் தகடாக மாற்றப் போகிறோம். ஜூனில் பிளம்பர் வருகிறார். நீரை வடிக்கும் அதே நாளில் சாப்பாட்டு அறையின் பழைய திருகு வால்வையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எல்லா வால்வும் முழுதாகத் திறந்த நிலையில் இருக்கும், பின் சிக்காமல் இருக்க.